வரிசையில் நிற்பவர்கள் கேட்கிறார்கள்

வளைகுடா நாடு ஒன்றில் உள்ள பெரிய கேளிக்கைப் பூங்காவில், வரிசைகளையும் வாசல்களையும் கவனிக்கும் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்துவிட்டு இப்போது மதுரையில் இருக்கிறேன். கோடை விடுமுறை வருவதால் தீம் பார்க், கூட்டம், காத்திருப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று ஆசிரியர் சென்ற இதழில் அறிவித்திருந்தார். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

திருப்பூர் வாசகி: மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். ஆறு வயதுப் பேத்தியோடு எங்களை அழைத்திருக்கிறான். டோக்கியோ டிஸ்னிலேண்டுக்கு எந்த நாளில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும்? எனக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது.

அம்மா, அங்கே டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும். 2021 மார்ச் முதல் அப்படித்தான். 2023 அக்டோபரில் போட்ட விலைப்படி பெரியவர்களுக்கு 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை. எந்த நாளில் எவ்வளவு பேர் வருவார்கள் என்பது நிர்வாகத்துக்குப் பல வருட அனுபவத்தில் தெரியும்; அதைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். அதனால் கூட்டம் எப்படி இருக்கும் என்று ஊகிக்க அந்த விலைப் பட்டியல் பெரும்பாலும் உதவும். குறைந்த விலை போட்டிருக்கும் நாளாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பணமும் மிச்சம், காலும் மிச்சம்.

ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை நீளும் கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் விடுமுறை, படிப்பு முடித்த மாணவர்கள் கூட்டமாகக் கிளம்பும் மார்ச், ஹாலோவீன் கொண்டாடும் அக்டோபர் இவற்றை விட்டுவிடுங்கள். ஜூன் மழைக்காலம், பொதுவாகக் கூட்டம் குறையும். ஆனால் ஜூன் 15 அன்று மட்டும் போக வேண்டாம். பெயரில் டோக்கியோ இருந்தாலும் பூங்கா இருப்பது பக்கத்தில் சிபா மாகாணத்தின் உராயசு நகரில். அந்தத் தேதி சிபா மாகாண தினம். அங்குள்ள பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால் பிள்ளைகள் எல்லாம் பூங்காவில்தான் இருப்பார்கள்.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். நுழைந்த உடனே வாடகைக்குச் சக்கர நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கத் தெரிந்தவர் சக்கர நாற்காலியில் உட்காருவதா என்ற கூச்சம் நம் ஊர் அம்மாக்களுக்கு உண்டு. வேண்டாம். நான் வேலை பார்த்த இடத்தில், காலையில் கூச்சப்பட்டு நடந்தவர்கள் மதியம் மூன்று மணிக்கு வாடிப்போய், குடும்பமே பாதியில் கிளம்புவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். பரேடு பார்க்க அங்கே சனங்கள் முன்னாலேயே வந்து விரிப்பைப் போட்டு உட்கார்ந்து கொள்வார்கள். நீங்களும் பேத்தியும் அப்படி உட்காருங்கள். அந்த நேரத்தில் ரைடுகளில் கூட்டம் கொஞ்சம் இறங்கும். மகனும் மருமகளும் அப்போது பெரிய ரைடுகளுக்குப் போய்வரலாம். டிஸ்னிலேண்ட், டிஸ்னிசீ என்று அங்கே இரண்டு பூங்காக்கள் இருக்கின்றன. ஆறு வயதுக் குழந்தைக்கும் உங்களுக்கும் டிஸ்னிலேண்ட் போதும். டிஸ்னிசீயில் 2024 ஜூனில் திறந்த புதிய பகுதியைப் பார்க்க வரும் கூட்டத்தோடு நீங்கள் போட்டி போட வேண்டியதில்லை.

கோவை கல்லூரி மாணவர்: ஒரு பூங்காவில் 60 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று பலகை காட்டியது. 40 நிமிடத்தில் ஏறிவிட்டோம். இன்னொரு ரைடில் பலகையே இல்லை. அரை மணி நேரம்தான் ஆனது, ஆனால் எரிச்சலாகிவிட்டது. பலகை பொய் சொல்கிறதா?

தம்பி, ஒரே கேள்வியில் இரண்டு நல்ல விஷயங்களைக் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் கணக்கு. வரிசையில் 600 பேர் நிற்கிறார்கள், ரைடு மணிக்கு 900 பேரை ஏற்றுகிறது என்றால், கடைசி ஆள் ஏற 40 நிமிடம் ஆகும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் கணித முறைப்படி நிரூபித்த விதியின் எளிய வடிவம் இது. ரைடு நிற்காமல் ஓடினால் கணக்கு சரியாக வரும். ஆனால் ஒரு பாட்டி ஏறச் சிரமப்படுவார், ஒரு குழந்தை பெல்ட் போட மாட்டேன் என்று அழும், ஒருவருடைய செருப்பு விழும். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் போகும். அதனால் அளந்தும் பார்க்க வேண்டும். டிஸ்னி பூங்காக்களில் வரிசைக்குள் நுழையும் ஒருவரிடம் கழுத்தில் மாட்டும் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்து, ஏறும் இடத்தில் வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. இடையில் ஆன நேரம்தான் உண்மையான காத்திருப்பு.

அளந்த நேரத்தோடு கொஞ்சம் கூட்டித்தான் பலகையில் போடுவார்கள். 60 என்று சொல்லி 40-இல் ஏற்றினால் சிரித்துக்கொண்டு ஏறுவீர்கள். 30 என்று சொல்லி 40 ஆனால் சண்டைக்கு வருவீர்கள். நின்ற நேரம் இரண்டிலும் ஒன்றுதான். ஐந்து பத்து நிமிடம் கூட்டிச் சொல்வதை நான் ஏற்றுக்கொள்வேன். உங்களுக்குச் சொன்னது போல 20 நிமிடம் கூட்டுவது தவறு. அந்த எண்ணைப் பார்த்து எத்தனையோ பேர் 'நமக்கு நேரமில்லை' என்று திரும்பிப் போயிருப்பார்கள். அவர்களும் டிக்கெட் எடுத்து வந்தவர்கள்தானே? (டிஸ்னியின் பேய் மாளிகை ரைடில் எப்போதாவது 13 நிமிடம் என்று போட்டிருந்தால், வரிசை அதைவிடவும் சிறியது என்று அர்த்தம். பேய் வீடு என்பதால் அந்த எண்ணை வேண்டுமென்றே வைப்பார்கள்.)

இரண்டாவது விஷயம் உங்கள் எரிச்சல். டேவிட் மெய்ஸ்டர் என்பவர் 1985-இல் காத்திருப்பின் மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் அதைத்தான் படிக்கிறார்கள். சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நின்றால் இன்னும் நீளும். காரணம் சொல்லாவிட்டால் இன்னும். நியாயமில்லை என்று தோன்றிவிட்டால் எல்லாவற்றையும்விட அதிகம். பலகை இல்லாத அரை மணி நேரம் உங்களை வாட்டியது இதனால்தான். அமெரிக்காவின் ப்ளோரிடாவில் உள்ள மேஜிக் கிங்டம் என்ற டிஸ்னி பூங்காவில் பறக்கும் யானை ரைடு ஒன்று உண்டு, சின்னக் குழந்தைகளுக்கானது. 2012-இல் அதற்கு ஒரு பெரிய கூடாரம் போட்டார்கள். அதற்குள் சறுக்கு மரமும் ஏணியும் வைத்து, பெற்றோர் கையில் ஒரு பீப்பரைக் கொடுத்துவிட்டார்கள். குழந்தை விளையாடும், முறை வந்ததும் பீப்பர் அடிக்கும். அதோடு நிற்காமல் ரைடையும் இரண்டாக்கினார்கள். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வேலைதான். ரைடைக் கூட்டாமல் கூடாரம் மட்டும் போட்டிருந்தால் அது வெறும் சமாதானமாகப் போயிருக்கும்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி: காசு அதிகம் கொடுத்தால் வரிசையைத் தாண்டிப் போகலாம் என்று எல்லாப் பூங்காவிலும் வந்துவிட்டது. இது நியாயமா?

ஐயா, நீங்கள் வங்கியில் இருந்தவர். கணக்காகவே சொல்கிறேன்.

ஒரு ரைடு மணிக்கு 1,000 பேரை ஏற்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 700 இடத்தை விரைவு டிக்கெட்காரர்களுக்கு ஒதுக்கினால் சாதாரண வரிசைக்கு மிஞ்சுவது 300. அந்த வரிசையில் 300 பேர் இருந்தால் கடைசி ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். விரைவு டிக்கெட்டே இல்லாவிட்டால் அதே 300 பேர் 18 நிமிடத்தில் ஏறியிருப்பார்கள். ரைடு அதேதான், வேகமும் அதேதான். ஒருவருக்கு விற்ற நேரம் இன்னொருவரிடமிருந்து எடுத்தது.

1999-இல் டிஸ்னி இதைத் தொடங்கியபோது பெயர் ஃபாஸ்ட்பாஸ், விலை கிடையாது. எந்தக் குடும்பமும் இயந்திரத்தில் டிக்கெட்டை நுழைத்து, 'மதியம் 2 மணிக்கு வா' என்ற சீட்டை வாங்கலாம். எல்லோருக்கும் ஒரே உரிமை இருந்ததால் யாருக்கும் மனசு நோகவில்லை. 2021 அக்டோபரில் அமெரிக்காவில் அதற்குப் பதிலாகக் கட்டண முறை வந்தது. 2024 இறுதியில் ப்ளோரிடாவில் ஒரு பூங்காவுக்கு, ஒரு நாளைக்கு, ஒரு ஆளுக்கு 449 டாலர் வரை போகும் பாஸ் வந்தது. நுழைவுக் கட்டணம் அதில் சேராது. டோக்கியோவில் ஒரு ரைடுக்கு 1,500 முதல் 2,500 யென் வரை கட்டி நேரம் வாங்கும் முறை 2022-இல் தொடங்கியது. அடுத்த வருடமே வேறு சில ரைடுகளுக்கு இலவச முன்பதிவையும் கொண்டுவந்தார்கள். இது கொஞ்சம் ஆறுதல்.

நம்மவர்களுக்கு இது புதிதில்லை. திருப்பதியில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு உண்டு, இலவச தரிசனமும் உண்டு. அங்கே இலவச வரிசையில் இருப்பவர்களை வைகுண்டம் வளாகத்தின் அறைகளில் உட்காரவைத்துப் பாலும் சாப்பாடும் கொடுக்கிறார்கள். காசில்லாமல் காத்திருப்பவரையும் மதிக்கும் ஏற்பாடு அது. பல பூங்காக்களில் அந்த அளவு கவனிப்பைக்கூட நான் பார்த்ததில்லை.

என் கருத்தைக் கேட்டால், கட்டண வரிசைக்கு ஒதுக்கும் இடம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம் என்பதை வாசலில் எழுதிப் போட வேண்டும். முக்கியமாக, இரண்டு வரிசையும் கண்ணுக்கு எதிரே சேரக் கூடாது. வருடம் முழுக்க மிச்சம் பிடித்து ஒரே ஒரு நாள் வந்த குடும்பத்தின் குழந்தை, 'அவங்க மட்டும் ஏன்ப்பா முன்னாடி போறாங்க?' என்று கேட்கும். அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வியாபாரம் லேசாகத் தெரியாது.

விருதுநகர் வாசகர்: உலகிலேயே அதிகம் பேர் போகும் தீம் பார்க் எது? ஒரு பூங்கா நன்றாக நடக்கிறது என்பதை வருகை எண்ணிக்கையை வைத்துச் சொல்லலாமா?

முதல் கேள்விக்கு விடை மேஜிக் கிங்டம், ப்ளோரிடா. 2023-இல் சுமார் 1 கோடியே 77 லட்சம் பேர். இது ஒரு தொழில் சங்கத்தின் மதிப்பீடு. டிஸ்னி தன் பூங்காக்களின் எண்ணிக்கையை வெளியிடுவதில்லை.

டோக்கியோ டிஸ்னியை நடத்துவது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். அவர்கள் வருடா வருடம் எண்ணிக்கையை வெளியிடுகிறார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்தக் கணக்கைவிட நல்ல பாடம் கிடையாது. 1983-இல் திறந்த பூங்கா அது. 35-ஆவது ஆண்டு விழா நடந்த 2018-19 நிதியாண்டில் இரண்டு பூங்காக்களுக்கும் சேர்த்து 3 கோடியே 25 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். அதுவரை இல்லாத உச்சம். கொரோனாவுக்குப் பிறகு, 2023-24-இல் வந்தவர்கள் 2 கோடியே 75 லட்சம். அரை கோடிப் பேர் குறைந்திருக்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், ஐயோ சரிந்துவிட்டது என்பார்.

உண்மையில் அவர்களே அப்படி வைத்துக்கொண்டார்கள். நாளொன்றுக்கு உள்ளே விடும் அதிகபட்ச எண்ணிக்கையைக் கொரோனாவுக்கு முந்தைய அளவைவிடக் குறைவாகவே வைப்போம் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஜப்பானில் வாடிக்கையாளர் திருப்தியை அளக்கும் பெரிய கருத்துக்கணிப்பு ஒன்று உண்டு. பல வருடம் அதில் உச்சியில் இருந்த டோக்கியோ டிஸ்னி, 2015-இல் முதல் பத்து இடங்களிலிருந்து வெளியே போனது. அடுத்த வருடம் இன்னும் கீழே. அதுவும் 3 கோடிப் பேர் வந்துகொண்டிருந்த காலத்தில்! வந்தவர்கள் உட்கார இடம் தேடி அலைந்தார்கள், விலையும் ஏறியிருந்தது. வருகை உச்சத்தில் இருக்கும்போதே மனக்குறை சேர்ந்துகொண்டே போகும். அது வருகைக் கணக்கில் தெரிய நாளாகும். தெரியும்போது கைமீறிப் போயிருக்கும். அவர்கள் கைமீறுமுன் திரும்பினார்கள்.

சரி, வருமானம்? ஒரு ஆள் செலவு செய்யும் தொகை 2018-19-இல் சராசரி 11,815 யென். 2023-24-இல் 16,644 யென். ஆட்கள் குறைந்தும் நிறுவனம் நன்றாகச் சம்பாதித்தது. இதில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. வருடம் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரும் பாஸ் கொரோனாவோடு நின்றது நின்றதுதான். பக்கத்து ஊரிலிருந்து சாயங்காலம் வந்து ஒரு பரேடு பார்த்துவிட்டுப் போன பாட்டிகள் இருந்தார்கள். அவர்களுக்கு இப்போது அந்தப் பாஸ் இல்லை. கூட்டத்தைக் குறைக்கும் வேலையை விலை ஒன்றே செய்தால், குறைபவர்கள் எப்போதும் பணம் குறைந்தவர்களாகவே இருப்பார்கள். எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அந்த வரம்புக்குள் ஒரு பங்கையாவது குறைந்த விலைக்கு, முன்பதிவு வரிசைப்படி விட வேண்டும் என்றும் சொல்வேன்.

சென்னை வாசகி: பூங்கா ஊழியர்களின் சிரிப்பு பயிற்சியில் வந்ததுதானே? அதில் என்ன திருப்தி இருக்கிறது?

பயிற்சியில் வந்ததுதான். அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

டிஸ்னி ஊழியர்களுக்குப் பல வருடங்களாக நான்கு விஷயங்களை, இந்த வரிசையிலேயே சொல்லிக் கொடுத்தார்கள்: பாதுகாப்பு, மரியாதை, காட்சி, செயல்திறன். சில வருடங்களுக்கு முன் எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்பது ஐந்தாவதாகச் சேர்ந்தது. இதில் வரிசைதான் முக்கியம். மரியாதைக்கும் பாதுகாப்புக்கும் மோதல் வந்தால் பாதுகாப்பு முதலில். காட்சியின் அழகுக்கும் பாதுகாப்புக்கும் மோதல் வந்தாலும் அப்படியே. 19 வயதுப் பையனோ பெண்ணோ மேலதிகாரியைக் கேட்காமலே முடிவெடுக்கலாம்.

2011 மார்ச் 11 மதியம் 2.46-க்கு ஜப்பானில் பெரும் பூகம்பம் வந்தபோது டோக்கியோவின் இரண்டு பூங்காக்களிலும் சுமார் 70,000 பேர் இருந்தார்கள். கடைகளில் இருந்த ஊழியர்கள் விற்பனைக்கு வைத்திருந்த பஞ்சுப் பொம்மைகளை எடுத்து, தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் கொடுத்தார்கள். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. ரயில்கள் நின்றுவிட்டன. மழையும் குளிரும் வந்தன. கடைப் பைகள், அட்டைப் பெட்டிகள், பிளாஸ்டிக் விரிப்புகள் எல்லாம் போர்வையாயின. விற்க வைத்திருந்த இனிப்புகளை இலவசமாகக் கொடுத்தார்கள். சுமார் 20,000 பேர் அன்றிரவு பூங்காவிலேயே தங்கினார்கள். வாகன நிறுத்துமிடத்தில் தரை குழைந்து சேறு பொங்கியது. உள்ளே இருந்த பார்வையாளர்களில் யாருக்கும் பெரிய காயம் இல்லை. டிஸ்னிலேண்ட் மறுபடி திறக்க ஏப்ரல் 15 ஆனது.

அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பகுதி நேர ஊழியர்கள், நிறையப் பேர் மாணவர்கள். அவர்களால் இது முடிந்தது என்றால், வருடம் முழுக்க விதவிதமாகப் பேரிடர்ப் பயிற்சி செய்துகொண்டே இருந்ததுதான் காரணம். வழி கேட்டால் சிரித்துச் சொல்லும் பழக்கமும், பூகம்பத்தில் 'இங்கே உட்காருங்கள், தலையை மூடுங்கள்' என்று நிதானமாகச் சொல்லும் பழக்கமும் ஒரே பயிற்சியில் வருபவை. காலையிலிருந்து தன்னிடம் மரியாதையாக நடந்துகொண்டவர் சொன்னால் சனங்கள் கேட்பார்கள். கூட்ட மேலாண்மையில் என் அனுபவத்தில் இதற்கு மிஞ்சிய கருவி கிடையாது. தடுப்புக் கம்பியும் கேமராவும் இதற்குப் பிறகுதான்.

திருச்சி, பள்ளி ஆசிரியை: 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்ததிலிருந்து கூட்டம் என்றாலே பயமாக இருக்கிறது. தினமும் பல்லாயிரம் பேர் வரும் பூங்காக்களில் எப்படி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்?

டீச்சர், அந்தச் செய்தி வந்த இரவு எனக்கும் தூக்கமில்லை. இறந்தவர்களில் குழந்தைகள் இருந்தார்கள்.

ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஆபத்தைத் தீர்மானிப்பது மொத்தம் எத்தனை பேர் என்பதைவிட, ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் என்பதுதான். இரண்டு பேர் இருந்தால் நடக்கலாம். நான்கு பேர் என்றால் நெருக்கம், வேகம் குறையும். ஐந்து ஆறைத் தாண்டினால் யார் கட்டுப்பாட்டிலும் யாரும் இருக்க மாட்டார்கள். ஒருவர் அசைந்தால் அலை போல எல்லோரும் அசைவார்கள். இறப்பவர்களில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சு முட்டிப் போகிறார்கள். சியோலின் இத்தேவோனில் 2022 அக்டோபர் 29 இரவு 159 பேரைப் பலி வாங்கிய சந்து, குறுகிய இடத்தில் 3.2 மீட்டர் அகலம்தான். சரிவு வேறு. இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முன்னால் நெருக்குவது பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. எல்லா விபத்திலும் இது ஒன்றுதான் மறுபடி மறுபடி நடக்கிறது.

பூங்காக்கள் செய்வது என்னவென்றால், அந்த நிலைமை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே தடுப்பது. டிக்கெட்டுக்குத் தேதி போட்டு, நாளுக்கு இத்தனை என்று விற்பது முதல் வேலை. காலையில் வாசல் திறந்ததும் எல்லோரும் ஒரே ரைடை நோக்கி ஓடுவார்கள் என்பதால், ஊழியர்கள் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் நடப்பார்கள். அவர்கள் நடக்கும் வேகத்தில்தான் கூட்டமும் நடக்கும். மேஜிக் கிங்டத்தில் இரவு வாணவேடிக்கை முடிந்ததும் ஒரே தெரு வழியாக எல்லோரும் வெளியேறுவது சிக்கலாக இருந்தது. அதனால் கோட்டைக்கு முன்னால் இருந்த மைதானத்தை விரிவாக்கினார்கள். கடைகளுக்குப் பின்னால், ஊழியர்கள் மட்டும் நடமாடும் இடத்தில் இன்னொரு பாதையையும் திறந்துவிடுகிறார்கள்.

சீட்டு கொடுக்கும் இடத்தை மறந்துவிடுபவர்கள் உண்டு. திருப்பதியில் 2025 ஜனவரி 8 அன்று ஆறு பேர் இறந்தது தரிசன வரிசையில் அல்ல. தரிசனத்துக்கான டோக்கன் வாங்கக் காத்திருந்த இடத்தில். வரிசையைக் குறைக்க டோக்கன் கொடுக்கிறோம். அந்த டோக்கனுக்கு ஒரு வரிசை உருவாகிவிடுகிறது. டோக்கனை வீட்டிலிருந்தே போனில் எடுக்கும்படி செய்து, நேரில் வருவோருக்கு ஊரின் பல இடங்களில் கொடுத்தால் பாதி ஆபத்து தீரும். தண்ணீரும் நிழலும் இன்னொன்று. மெரினாவில் 2024 அக்டோபர் 6 விமான சாகசத்துக்கு வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள், கடும் வெயில் அடித்த நாள். வளைகுடாவில் எங்கள் பூங்காவில் நிழலில்லாத இடத்தில் வரிசையை நீளவிட மாட்டோம். வரிசை நிழலைத் தாண்டினால் நுழைவை மூடிவிடுவோம். திட்டுவார்கள். திட்டட்டும்.

மாணவர்களை எங்காவது அழைத்துப் போனால் இதைச் சொல்லி வையுங்கள்: நெருக்கம் கூடுவது தெரிந்ததும், நிகழ்ச்சி தொடங்கியிருந்தாலும் பரவாயில்லை என்று ஓரமாக விலகுங்கள். மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரர் போல நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வையுங்கள், மூச்சுக்கு இடம் கிடைக்கும். கூட்டம் தள்ளும் திசைக்கு எதிராக முண்டாதீர்கள். எது விழுந்தாலும் குனிந்து எடுக்காதீர்கள்.

திண்டுக்கல் வாசகர்: நானும் நண்பர்களும் சின்னதாக ஒரு வாட்டர் பார்க் தொடங்கப் போகிறோம். பொங்கல், கோடை விடுமுறையில் எத்தனை பேரை உள்ளே விடலாம்?

இதைத் தொடங்குவதற்கு முன்னாலேயே கேட்டதற்கு நன்றி. இடத்தின் பரப்பளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லா ரைடுகளும் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றும் என்று கூட்டுங்கள். ஒரு ஆளுக்கு மணிக்கு இரண்டு ரைடாவது கிடைக்க வேண்டும். 12 ரைடு, ஒவ்வொன்றும் 300 பேர் என்றால் மொத்தம் 3,600. இரண்டால் வகுத்தால் 1,800. ஒரே நேரத்தில் உள்ளே இருக்க வேண்டியவர்கள் அவ்வளவுதான். விற்பவர் கொடுக்கும் விளம்பரத் தாளில் ரைடு 500 பேரை ஏற்றும் என்று இருக்கும். அதை நம்பாதீர்கள். புடவை, துப்பட்டா, ஈரக்கால், பயந்து திரும்பும் குழந்தை எல்லாம் சேர்த்து நீங்களே கடிகாரம் வைத்து எண்ணுங்கள்.

வருடச் சராசரியையும் நம்ப வேண்டாம். வொண்டர்லா நிறுவனத்தின் கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத் பூங்காக்களுக்கு 2023-24-இல் மொத்தம் சுமார் 32 லட்சம் பேர் வந்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு பூங்காவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,000. நடைமுறையில் மழைக்காலச் செவ்வாய்க்கிழமைக்கும் மே மாத ஞாயிற்றுக்கிழமைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விடுமுறை ஞாயிறுக்கு எத்தனை பேர் என்பதை இப்போதே எழுதி, கூட்டாளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பணத்தோடு ஆட்கள் நிற்கும்போது அந்த முடிவை எடுக்க யாருக்கும் மனசு வராது.

கலிபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்ட் திறந்த நாள் 1955 ஜூலை 17. அழைத்தவர்களைவிட மிக அதிகமான ஆட்கள், போலி டிக்கெட்டோடும் வந்து சேர்ந்தார்கள். சுமார் 28,000 பேர். கொளுத்தும் வெயிலில் புதுத் தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்புகள் மாட்டிக்கொண்டன. குழாய் வேலைக்காரர்களின் போராட்டத்தால், குடிநீர்க் குழாய் வேண்டுமா கழிப்பறை வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைமை. வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். நீங்கள் இரண்டையும் கட்டுங்கள். பெண்கள் பக்கம் ஆண்கள் பக்கத்தைப்போல இரண்டு மடங்கு கட்டுங்கள். உடை மாற்றும் அறையும் அப்படியே. என் கண்ணில் பட்டவரை, பெண்கள் ஒரு பூங்காவுக்கு மறுபடி வருவார்களா என்பதை அந்த அறைகள்தான் முடிவு செய்கின்றன. குடும்பம் எங்கே போவது என்று முடிவு செய்பவர்களும் அவர்கள்தான்.

மயிலாடுதுறை வாசகி: இரட்டைக் குழந்தைகள், நான்கு வயது. விடுமுறைக் கூட்டத்தில் தொலைந்துவிடுவார்களோ என்று எங்கும் அழைத்துப் போகவே பயமாக இருக்கிறது.

அழைத்துப் போங்கள், அம்மா. காணும் பொங்கலன்று மெரினாவில் காவல்துறையினர் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். செலவில்லாத, அருமையான ஏற்பாடு. அதை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். வாட்டர் பார்க்கில் பட்டை நனைந்துவிடும் என்பதால் பால்பாயிண்ட் பேனாவால் முன்னங்கையில் எண்ணை எழுதி, மேலே தண்ணீர் புகாத பிளாஸ்டரை ஒட்டிவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்கவைத்து உங்கள் போனில் ஒரு படம் எடுங்கள். பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்று யாருக்கும் நினைவு வராது; படத்தைக் காட்டினால் போதும். பூங்கா ஊழியரின் சீருடையைக் குழந்தைகளுக்குக் காட்டி, 'அம்மாவைக் காணோம்னா இந்தச் சட்டை போட்டவங்ககிட்ட போய் நில்லுங்க' என்று சொல்லுங்கள். காணவில்லை என்றால் பத்து நிமிடம் நீங்களாகத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே பக்கத்தில் இருக்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். வெளி வாசலில் இருப்பவர்களுக்கு வயர்லெஸ்ஸில் அப்போதே தகவல் போய்விடும்.